இரத்தப் பரிசோதனையில் மகிழ்ச்சி தெரியாது

கடந்த மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த 24 வயது இளைஞர் ஒருவர், ஆய்வுக்கூட அறிக்கை ஒன்றை என் மேசைமீது வைத்து, "டாக்டர், எனக்கு டோபமைன் குறைவாக இருக்கிறது, அதை ஏற்ற மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்றார். மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் இரசாயனங்களில் ஒன்று டோபமைன்; அதுதான் மகிழ்ச்சியைத் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த வாரத்தில் இதே கோரிக்கையோடு வந்த மூன்றாவது ஆள் அவர். வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், தூக்கத்துக்கும் பசிக்கும் குறைவில்லை. ஆறு மாதங்களாக முன்புபோல மகிழ்ச்சியாக இல்லை என்பதே அவருடைய முறையீடு. துருவிக் கேட்ட பிறகுதான், ஆறு மாதங்களுக்கு முன்பு தந்தை இறந்துபோனதைச் சொன்னார்.

அந்தப் பரிசோதனைக்குச் செலவிட்ட பணம் வீண் என்பதை எத்தனை முறை சொல்வது? இரத்தத்தில் உள்ள டோபமைன் மூளைக்குள் நுழைவதில்லை. மூளையில் டோபமைன் குறைவதால் நடுக்கமும் அசைவுத் தளர்ச்சியும் வரும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, டோபமைனை நேரடியாகத் தராமல், மூளைக்குள் நுழைந்து டோபமைனாக மாறும் லெவோடோபாவாகத் தருவதும் இதனால்தான். இரத்தத்திலோ சிறுநீரிலோ அதை அளப்பது சில அரிய கட்டிகளைக் கண்டறிய உதவுமே அன்றி, ஒருவரின் மனநிலையைக் காட்டாது.

டோபமைனை 'மகிழ்ச்சி இரசாயனம்' என்று அழைப்பதே தவறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ், மூளையில் டோபமைன் ஏறக்குறைய முற்றிலும் அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். அவை உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டபோது, மற்ற எலிகளைப் போலவே சுவைத்துச் சப்புக்கொட்டின. தேடவைப்பது ஒன்று, சுவைக்கவைப்பது வேறொன்று. பார்க்கின்சன் நோய்க்கு டோபமைனைப் போலச் செயல்படும் மாத்திரைகளை உட்கொள்பவர்களில் சிலர் திடீரென்று சூதாட்டத்தில் இறங்கிச் சேமிப்பை இழப்பதை நரம்பியல் மருத்துவர்கள் நன்கறிவார்கள். அவர்களுக்குக் கூடியது வேட்கையே தவிர, மனநிறைவு அல்ல.

எந்நேரமும் மகிழ்ச்சியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது சேர்ந்துகொண்டது. உளவியலாளர் ஐரிஸ் மாஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியின் அருமையை வலியுறுத்தும் கட்டுரையைப் படித்த பெண்கள், பிறகு மகிழ்ச்சியான படக்காட்சியைப் பார்த்தபோது, அதைப் படிக்காதவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள்.

தந்தையை இழந்தவரின் துக்கம் நோயல்ல. ஆனால் நாளின் பெரும்பகுதியும் நாள்தோறும் இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமற்றோ இருந்து, தூக்கமும் பசியும் குலைந்து, தாம் பயனற்றவர் என்ற எண்ணமும் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போய்ச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். "எல்லா வசதியும் இருக்கிறதே, சந்தோஷமாக இரு" என்று புத்தி சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நாங்கள் தரும் மாத்திரை மகிழ்ச்சியை ஊட்டுவதில்லை, நோயைத்தான் குறைக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இடையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சாவைப் பற்றி ஒருவர் பேசினால் அன்றைக்கே உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த இளைஞருக்கு மாத்திரை எதுவும் எழுதவில்லை. தந்தையைப் பற்றி வீட்டில் யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்டேன். அம்மா அழுதுவிடுவார் என்பதால் பேசுவதில்லை என்றார். இரண்டு வாரம் கழித்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.