வாசல்ல பலகை இருந்தா அந்த வீட்டை தொடக்கூடாதா? மாசசூசெட்ஸ் சேலத்துல பழைய வீடு வாங்க போறவங்களுக்கு

அமெரிக்காவுல போஸ்டன் பக்கம் வீடு தேடுற நம்மாளுங்க சேலத்துல ஒரு பழைய வீட்டை பாத்துட்டு வந்து முதல்ல கேக்கறது இதுதான், வாசல்ல பலகை மாட்டிருக்கே, வாங்குனா ஒரு ஆணி கூட அடிக்க விடமாட்டாங்களாமே, உண்மையா? இன்னொரு கூட்டம் நேர் எதிரா நினைக்குது, பலகை இருக்கறதால யாரும் அந்த தெருவை இடிக்க முடியாதுன்னு. ரெண்டுமே தப்புங்க. பலகை வேற, நேஷனல் ரெஜிஸ்டர் வேற, லோக்கல் ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட் வேற. இந்த மூணையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறதாலதான் இத்தனை பயமும் இத்தனை நம்பிக்கையும்.

முதல்ல பலகை. சேலம் 1626ல உருவான ஊர், போஸ்டன்லேர்ந்து ரயில்ல அரை மணி நேரம். செஸ்ட்நட் ஸ்ட்ரீட்ல, டெர்பி ஸ்ட்ரீட்ல நடந்தீங்கன்னா கதவு பக்கத்துல வெள்ளை பெயிண்ட் அடிச்ச சின்ன மரப்பலகை, கறுப்பு எழுத்துல மூணு விஷயம் இருக்கும்: யாருக்காக கட்டுனது, அவர் என்ன தொழில் பண்ணார், எந்த வருஷம். கப்பல் கேப்டன் மட்டும் இல்ல, தச்சர், பீப்பாய் செய்றவர், ரொட்டி சுடுறவர்னு சாதாரண ஆளுங்க பேரும் இருக்கும், எனக்கு இந்த ஊர்ல ரொம்ப பிடிச்சதே அதுதான். இதை கொடுக்கறது கவர்ன்மென்ட் இல்ல, 1944ல ஆரம்பிச்ச ஹிஸ்டாரிக் சேலம்ங்கற தனியார் அமைப்பு. ரோடு அகலப்படுத்தறதுக்காக 1692ல சூனியம் பண்ணாங்கன்னு ஊர்க்காரங்க மேல நடந்த வழக்குல நீதிபதியா இருந்த கார்வினோட வீட்டை இடிக்க போனப்போ ஊர்க்காரங்க ஒண்ணு சேந்து அதை நகர்த்தி காப்பாத்துனாங்க, அப்ப பொறந்த அமைப்பு அது.

பலகை வேணும்னா வீட்டு ஓனர் காசு கட்டி கேக்கணும், அவங்க ஆராய்ச்சி பண்ணி வீட்டோட வரலாறை எழுதி கொடுப்பாங்க. ஆராய்ச்சின்னா என்னன்னு பாத்தா நம்ம ஊர்ல வில்லங்க சான்றிதழ் பாக்கற மாதிரியேதான் இருக்கு, இப்போதைய பத்திரத்துலேர்ந்து ஒவ்வொரு பத்திரமா பின்னாடி போறாங்க, ஒரு பத்திரத்துல நிலமும் அதுல உள்ள வீடும்னு எழுதிருக்கும், அதுக்கு முந்தின பத்திரத்துல வெறும் நிலம்னு மட்டும் இருக்கும், விலையும் ரொம்ப கம்மியா இருக்கும், அப்ப அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல கட்டுன வீடுன்னு புரிஞ்சிரும். உயில், வரி கணக்கு, பழைய மேப் எல்லாம் வெச்சு சரிபாப்பாங்க. இவ்வளவு உழைப்பு இருந்தும் சட்டப்படி அந்த பலகைக்கு எந்த பலமும் கிடையாது. அது மரியாதை, அவ்வளவுதான்.

அடுத்தது நேஷனல் ரெஜிஸ்டர். 1963ல நியூயார்க்ல பென்சில்வேனியா ஸ்டேஷனை இடிக்க ஆரம்பிச்சப்போ நாடே பதறுச்சு, 1966ல தேசிய பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, அந்த சட்டத்துல வந்த, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்க, இடங்களோட லிஸ்ட் இது, நேஷனல் பார்க் சர்வீஸ்ங்கற ஃபெடரல் துறை பாத்துக்குது. பொதுவா 50 வருஷம் ஆன கட்டடமா இருக்கணும், ஒரு முக்கியமான நிகழ்ச்சியோ, ஆளோ, கட்டடக்கலையோ, மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கற வரலாற்று தகவலோ அதோட சம்பந்தப்பட்டிருக்கணும், பழைய உருவம் பெருமளவு அப்படியே இருக்கணும். தனியார் ஓனர் வேண்டாம்னு எழுதி கொடுத்துட்டா லிஸ்ட்ல சேக்க முடியாது.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க: இந்த லிஸ்ட்ல இருந்தாலும் உங்க சொந்த காசுல நீங்க வீட்டை மாத்தலாம், இடிக்கவும் இடிக்கலாம், ஃபெடரல் கவர்ன்மென்ட் தடுக்காது. ஃபெடரல் பணமோ பர்மிட்டோ உள்ள வந்தா மட்டும்தான் அதனால கட்டடத்துக்கு என்ன பாதிப்புன்னு அவங்க பரிசீலிக்கணும். பலகை கூட அவங்க தரமாட்டாங்க, வெண்கலத்துல வேணும்னா நீங்களே வார்த்துக்க வேண்டியதுதான். நேஷனல் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க்னு அதுக்கு மேல ஒரு உயர்ந்த தகுதி இருக்கு, அதுக்கு மட்டும் வெண்கல பலகை உண்டு.

காசு விஷயம். இந்த லிஸ்ட்ல இருக்கற கட்டடத்துக்கு வரிச்சலுகை இருக்கு, ஆனா நீங்க குடியிருக்கற சொந்த வீட்டுக்கு கிடையாது, வாடகை, கடை, ஆபீஸ்னு வருமானம் வர்ற கட்டடத்துக்குத்தான். ரிப்பேர் செலவுல 20 சதவீதம் ஃபெடரல் வரியில கழிச்சுக்கலாம், 2017 வரி சட்டத்துக்கு அப்புறம் அதை ஒரே தடவையா தராம 5 வருஷமா பிரிச்சு தர்றாங்க. வேலையை முடிச்சுட்டு அப்புறம் அப்ளை பண்ணிக்கலாம்னு இருந்துடாதீங்க, முதல்லயே பிளானை காட்டி ஒப்புதல் வாங்கிட்டு ஆரம்பிக்கறதுதான் நல்லது, ஒரு ஜன்னலை தப்பா மாத்துனதுக்கே மொத்த சலுகையும் போகலாம்.

மூணாவது லோக்கல் டிஸ்ட்ரிக்ட், நிஜமா பல்லு இருக்கறது இதுக்குத்தான். மாசசூசெட்ஸ்ல அத்தியாயம் 40சின்னு ஒரு மாநில சட்டம், அது படி சிட்டி கவுன்சில்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தா ஒரு பகுதியை டிஸ்ட்ரிக்ட்டா அறிவிக்கலாம். சேலத்துல மக்கின்டயர், டெர்பி ஸ்ட்ரீட், லாஃபாயெட் ஸ்ட்ரீட், வாஷிங்டன் ஸ்கொயர்னு நாலு இருக்கு. மக்கின்டயர்ங்கறது சாமுவேல் மக்கின்டயர், 1811ல இறந்தவர், மரச்சிற்பியா ஆரம்பிச்சு ஊர்ல பாதி பெரிய மனுஷங்க வீட்டை கட்டுனவர்.

இந்த எல்லைக்குள்ள வீடு இருந்தா, பொது வழியிலேர்ந்து கண்ணுக்கு தெரியற வெளிப்புறத்துல எதை மாத்தறதா இருந்தாலும் சேலம் சிட்டியோட ஹிஸ்டாரிகல் கமிஷன்கிட்ட சான்றிதழ் வாங்கணும். ஜன்னல், கூரை, வேலி, கதவு எல்லாம் இதுல வரும். பழைய மர ஜன்னலை கழட்டிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடணும்னு போனீங்கன்னா பெரும்பாலும் திருப்பி அனுப்புவாங்க, அதுல நியாயமும் இருக்கு, அந்த மெல்லிசு மரச்சட்டமும் லேசா அலையடிக்கற பழைய கண்ணாடியும் போயிட்டா அந்த முகமே போயிடுது, நான் ஒரே தெருவுல ரெண்டையும் அடுத்தடுத்து நின்னு பாத்திருக்கேன். ஆனா உள்ள கிச்சனை மாத்தறது, பாத்ரூம் இடிச்சு கட்டறது எதுவும் அவங்களுக்கு சம்பந்தம் இல்ல. அதே பொருள், அதே டிசைன்ல ரிப்பேர் பண்ணாலும், செடி கொடி வெச்சாலும் தடை இல்ல. அப்ளை பண்ணா 60 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், ஹியரிங் நடந்தா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் நோட்டீஸ் போகும். நிஜமாவே செலவு தாங்க முடியாதுன்னா அதை காரணமா காட்டி கஷ்ட சான்றிதழ் கேக்கலாம். கேக்காம மாத்துனா 500 டாலர் வரைக்கும் அபராதம், ஒவ்வொரு நாளும் தனி குற்றமா கணக்கு.

பலகையில எழுதிட்டா எல்லாம் வேதவாக்கு இல்லங்கறதையும் சொல்லிடறேன். மேல சொன்ன 1692 சூனிய வழக்குல 19 பேரை தூக்குல போட்டாங்க, அது கேலோஸ் ஹில் உச்சியிலதான்னு ரொம்ப காலமா ஊரே நம்புச்சு, 2016லதான் கீழ இருக்கற ப்ராக்டர்ஸ் லெட்ஜ்ங்கற பாறைதான் அந்த இடம்னு ஆராய்ச்சியாளர்கள் உறுதி பண்ணாங்க, 2017ல அங்க நினைவிடமும் திறந்தாங்க. அவங்க பேர் சரியான இடத்துக்கு வந்து சேர 325 வருஷம் ஆச்சு.

பேரே இல்லாம போனவங்களும் உண்டு. 1790 டிசம்பர்ல வில்லியம் பென்ட்லிங்கற சேலம் பாதிரியார் தன்னோட டைரியில, மெட்ராஸ்லேர்ந்து வந்த ஒருத்தரை இன்னைக்கு முதல்தடவையா பாத்தேன், நல்ல உயரம், கறுப்பு நிறம், நீளமான முடின்னு எழுதிருக்கார். இந்தியாவுக்கு போன சேலம் கப்பல் கேப்டன் ஒருத்தரோட வந்தவர். கேப்டன் பேர் டைரியில இருக்கு, இவர் பேர் இல்ல. பேரும் இல்ல பத்திரமும் இல்லன்னா பலகை எங்க மாட்டறது, அந்த தெருவுல நடக்கும்போதெல்லாம் எனக்கு இது மனசுல ஓடும்.

சரி, வீடு வாங்க போறீங்கன்னா பலகையை பாக்காதீங்க, அட்ரஸை பாருங்க. மாநில அரசோட மாசசூசெட்ஸ் ஹிஸ்டாரிகல் கமிஷன் நடத்தற மேக்ரிஸ்னு ஒரு டேட்டாபேஸ் ஆன்லைன்ல இலவசமா இருக்கு, அட்ரஸை போட்டா நேஷனல் ரெஜிஸ்டர்ல மட்டும் இருக்கா லோக்கல் டிஸ்ட்ரிக்ட்லயும் இருக்கான்னு காட்டும். அப்புறம் சிட்டி பிளானிங் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டு உறுதி பண்ணிக்கோங்க, முந்தின ஓனர் சான்றிதழ் வாங்காம ஏதாவது மாத்திருக்காரான்னும் அதுலயே கேட்டுடுங்க, இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பண்ணுங்க.