நிரப்பு நிறம்: சொல் விளக்கம்

ஒளிப்படக் கலைஞர்கள் 'காம்ப்ளிமென்டரி கலர்ஸ்' என்று குறிப்பிடும் நிறச் சோடிகளுக்குத் தமிழில் எதிர் நிறம், துணை நிறம், முரண் நிறம், நிரப்பு நிறம் எனப் பல பெயர்கள் புழங்குகின்றன. இவற்றுள் நிரப்பு நிறம் என்பதே பொருளுக்கு முற்றும் பொருந்துகிறது. தக்க அளவில் கலந்தால் வெண்மையைத் தரும் இரு நிற ஒளிகளே ஒன்றுக்கொன்று நிரப்பு நிறங்கள் எனப்படும். சிவப்பு ஒளிக்குப் பச்சையும் நீலமும் கலந்த சயான், பச்சைக்குச் சிவப்பும் நீலமும் கலந்த மெஜந்தா, நீலத்துக்கு மஞ்சள் என்பன அடிப்படைச் சோடிகள்.

மூலச்சொல், நிறைத்தல் எனப் பொருள்படும் 'கோம்ப்ளேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பாராட்டைக் குறிக்கும் 'காம்ப்ளிமென்ட்' என்பதும் அதே வேரின் கிளைதான். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், விடுதிகளில் இலவசமாகத் தரும் 'காம்ப்ளிமென்டரி' காலையுணவையும் நம் நிறங்களையும் எழுத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. தமிழ்ச் சொல்லைத் தேட இதுவும் ஒரு காரணம்.

நிறங்களுக்கு இச்சொல்லைப் பொருத்தியவராகப் பொதுவாகக் கருதப்படுபவர் ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்ட இயற்பியலாளர் பெஞ்சமின் தாம்சன். நிற நிழல்களைப் பற்றிய அவரது ஆய்வுரை 1794-இல் வெளிவந்தது. ஒரு பொருளின் மீது ஒருபுறம் பகல் வெளிச்சமும் மறுபுறம் மெழுகுத்திரி வெளிச்சமும் படும்படி வைத்தால், வெள்ளைத் தாளில் இரண்டு நிழல்கள் விழும். பகலொளி மறைக்கப்பட்ட நிழலில் திரியின் ஒளி மட்டும் பட்டு அது மஞ்சளாகவும், திரியொளி மறைக்கப்பட்ட நிழல் நீலமாகவும் தெரியும். இரண்டு ஒளிகளும் சேர்ந்து விழும் இடத்திலோ தாள் வெள்ளையாகவே இருக்கும். ஒன்றில் குறைவதை மற்றது நிறைக்கிறது என்ற கருத்து இங்கே கண்ணெதிரே நிற்கிறது.

தமிழில் நிரம்பு என்பது தன்வினை, நிரப்பு என்பது பிறவினை. நிரப்பிய, நிரப்புகின்ற, நிரப்பும் நிறம் என முக்காலத்துக்கும் விரிவதால் நிரப்பு நிறம் என்பதை வினைத்தொகையாகக் கொள்ளலாம். சேர்ந்து 90 பாகையாகும் இரு கோணங்களைப் பள்ளிக் கணிதம் நிரப்புக் கோணங்கள் என்றே சொல்லிவருகிறது; ஆகவே இது புதிதாக ஆக்கிய சொல்லும் அன்று. விந்தை என்னவெனில், திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் நிரப்பு என்பது வறுமையைக் குறிக்கிறது. நிறைவையும் இன்மையையும் ஒரே ஒலி சுட்டியிருப்பது நம் சொல்லுக்குக் குறையாகாது.

பிற பெயர்களுள், துணை நிறம் என்பது ஒன்று முதன்மையானது, மற்றது அதற்கு அடங்கியது என்ற எண்ணத்தைத் தருகிறது. எதிர் நிறம் என்பது, நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் வண்ணச் சக்கரத்தில் அவை எதிரெதிரே அமர்வதை மட்டும் சொல்கிறது. அன்றியும், பார்வை உணர்வில் சிவப்பும் பச்சையும், நீலமும் மஞ்சளும் எதிரிணைகளாக இயங்குகின்றன என்ற ஜெர்மன் உடலியலாளர் ஹெரிங்கின் கொள்கைக்கு அச்சொல் தேவைப்படுகிறது. முரண் நிறம் என்பது பொதுவான மாறுபாட்டையே குறிக்கும்.

சொல் ஒன்றானாலும் சக்கரம் இரண்டு என்பதில்தான் கற்போர் பெரிதும் தடுமாறுகிறார்கள். ஓவியர்களின் மரபுச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சையும், நீலத்துக்கு எதிரே ஆரஞ்சும், மஞ்சளுக்கு எதிரே ஊதாவும் இருக்கின்றன. ஒளியைக் கையாளும் கேமராவும் கணினித் திரையும் முன்னே சொன்ன சோடிகளைப் பின்பற்றுகின்றன. ஒரு சிவப்புத் தாளைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரை நோக்கினால் மிதந்து வரும் பின்பிம்பம் இலைப் பச்சையாக இராது. நீலம் கலந்த பச்சையாகவே இருக்கும்.

நிரப்பு என்பது படச்சுருளின் வேதியியலிலேயே பதிந்திருப்பதை வண்ண நெகட்டிவ் காட்டும். அதில் நீல ஒளியை உணரும் அடுக்கு மஞ்சள் சாயத்தையும், பச்சையை உணரும் அடுக்கு மெஜந்தாவையும், சிவப்பை உணரும் அடுக்கு சயானையும் உண்டாக்குகின்றன. பழைய நெகட்டிவ் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: அடித்தளத்தின் ஆரஞ்சுச் சாயலையும் மீறி, புல்வெளி மெஜந்தா சார்ந்தும் சிவப்புச் சேலை சயான் சார்ந்தும் தெரியும்.

இனிச் சமநிலை. நிரப்பு நிறங்களைச் சட்டகத்தில் சரிபாதியாக வைப்பதே சமநிலை என்று பலர் கருதுகின்றனர். அது எல்லாச் சோடிக்கும் பொருந்தாது. 1816-இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர், கண்ணின் முழுச் செயலை ஒன்று எனக் கொண்டு, மஞ்சளுக்கு 3/4, ஊதாவுக்கு 1/4; ஆரஞ்சுக்கு 2/3, நீலத்துக்கு 1/3; சிவப்புக்கும் பச்சைக்கும் தலா 1/2 என்று பங்கிட்டார். ஒவ்வொரு சோடியும் கூடி ஒன்றாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஆசிரியர் யோகன்னஸ் இட்டென் இதே விகிதங்களைத் தலைகீழாக்கிப் பரப்பளவுக்குப் பயன்படுத்தினார்: ஒளி மிகுந்த மஞ்சள் ஒரு பங்கானால் ஊதா மூன்று பங்கு, ஆரஞ்சு ஒரு பங்கானால் நீலம் இரண்டு பங்கு. இவை ஓவியரின் சக்கரத்துக்கு, அதுவும் முழுச்செறிவுள்ள நிறங்களுக்கு உரியவை. செறிவு தணிந்தால் கணக்கும் மாறும். ஸ்டீவ் மெக்கரி 1984-இல் எடுத்த ஆப்கன் சிறுமியின் படத்தில் செந்நிற முக்காடும் பச்சைப் பின்புலமும் ஏறத்தாழ நிகராக இடம்பெற்றும் மோதிக்கொள்ளாததற்கு, சிவப்பு துருவின் பக்கமாகத் தணிந்திருப்பதும் பச்சை மங்கியிருப்பதுமே காரணம் என்பேன். திருத்த மென்பொருளில் நிறச்செறிவைக் கூட்டும் கோலை இறுதிவரை இழுத்துவிட்டு, நிறங்கள் சண்டையிடுகின்றன என்று வருந்துவதில் பயனில்லை.

ரம்ஃபோர்டின் நிழல்களை எவரும் மாலையில் படமாக்கலாம். கதிரவன் மறைந்தபின் வானம் நீலமாகவும், 2700 கெல்வின் நிற வெப்பநிலை அளவிலான வீட்டு விளக்குகள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் பதியும் சிறுபொழுது அதற்கு ஏற்றது. நீலம் சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைக்க, வெளிச்சம் ஒரு சன்னலளவு இருந்தாலே போதும். அப்போது கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பகலொளி அமைப்பில் வைப்பது நல்லது. ஏனெனில் தானியங்கி அமைப்பு, படத்தில் ஓங்கிய நீலத்தைப் பிழையெனக் கருதி, அதன் நிரப்பு நிறத்தைச் சேர்த்து வானத்தைச் சாம்பலாக்கிவிடக்கூடும்.