ஆயிரம் கிலோ பூசணிக்குச் சோறு போடும் குழாய்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துச் சன்னிவேலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு 92ஆம் எண் சாலை வழியாக ஹாஃப் மூன் பே என்ற கடலோர ஊருக்குப் போயிருக்கிறார்கள். வழியில் நர்சரி ஒன்றில் சாமந்தித் தொட்டிகள் வாங்கிக்கொண்டு, அடுத்திருந்த பூசணித் தோட்டத்தில் பிள்ளைகளை ஓட விட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு ராட்சதப் பூசணி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. மகள் அதன் காம்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இத்தனை பெரிய காய்க்கு இதன் வழியாகவா சாப்பாடு போகும்?” என்று கேட்டாளாம். “எனக்குப் பதில் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்கிறார் தாயார்.

அருமையான கேள்வி. தாவரவியலாளர்கள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியும் இதுதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கனடாக்காரரான வில்லியம் வார்னாக் கொண்டுவந்த பூசணி 183 கிலோ. அந்தச் சாதனை 1976 வரை நின்றது. பிறகு நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த விவசாயி ஹோவர்ட் டில், பொறுக்கியெடுத்த விதைகளை மீண்டும் மீண்டும் கலந்து ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ என்ற ரகத்தை உருவாக்கினார். அதற்குப் பின் எடை எகிறத் தொடங்கியது. 2023இல் ஹாஃப் மூன் பே எடைப்போட்டியில் மின்னசோட்டாவின் டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்த காய் 1,247 கிலோ. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டைச் சகோதரர்கள் அதையும் முந்தினார்கள்: 1,278.8 கிலோ. அதை நிறுத்துப் பார்த்ததும் ஒரு நர்சரியில்தான்.

தோட்டத்தில் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடும் ஆரஞ்சு நிறக் காய்கள் வேறு இனம். நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கிக்காய் மூன்றாவது இனம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ரகத்தின் காய் ஏழெட்டுக் கிலோ வரும். ராட்சதக் காய்கள் ‘குக்கர்பிட்டா மாக்ஸிமா’ என்ற இனத்தைச் சேர்ந்தவை. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால், உணவு கடத்தும் முறை மூன்றிலும் ஒன்றே.

ராட்சதக் காய் உச்ச வளர்ச்சியில் இருக்கும்போது ஒரே நாளில் 20 கிலோ ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 14 மில்லிலிட்டர். இரவு பகல் ஓயாமல், நிமிடத்துக்கு ஒரு மேஜைக்கரண்டிச் சாறு அந்தக் காம்புக்குள் நுழைந்தால்தான் இது நடக்கும். எந்தப் பம்பும் கிடையாது, இதயமும் கிடையாது.

வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோவது சைலம், இலையில் தயாரான சர்க்கரையைக் கொண்டுபோவது புளோயம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வளரும் காய்க்குச் சர்க்கரை மட்டுமல்லாமல், நீரின் பெரும்பகுதியும் புளோயம் வழியாகவே வருகிறது. அது எப்படி ஓடுகிறது என்பதை 1930இல் ஜெர்மானிய வனவியலாளர் எர்ன்ஸ்ட் முன்ச் விளக்கினார். இலைப்பக்கம், புளோயத்தின் சல்லடைக் குழாய்களில் சர்க்கரை செறிந்தால் சவ்வூடு பரவலால் பக்கத்துச் சைலத்திலிருந்து நீர் உள்ளே பாயும், அழுத்தம் கூடும். காய்ப்பக்கம் சர்க்கரை இறக்கப்படுவதால் அழுத்தம் குறையும். இந்த வித்தியாசமே சாற்றைத் தள்ளுகிறது.

ஆனால் இலைப்பக்கம் சர்க்கரை எப்படிச் செறிகிறது? கரைந்த பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவதுதானே இயல்பு? குழாயில் சர்க்கரை சேரச் சேர அது இலைச் செல்லுக்கே திரும்பிவிட வேண்டும். பல செடிகள் ஆற்றலைச் செலவழித்து, சவ்வில் உள்ள புரதங்களைக் கொண்டு சர்க்கரையை வலுக்கட்டாயமாக உள்ளே இழுக்கின்றன. பூசணிக் குடும்பம் வேறு வழி கண்டிருக்கிறது. எனக்குத் தாவர உலகத்தில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

இலையின் பச்சைச் செல்களில் ஒளிச்சேர்க்கையால் சுக்ரோஸ் உருவாகிறது. நாம் காபியில் போடும் அதே சர்க்கரை. மெல்லிய நரம்புகளை ஒட்டிச் சிறப்பான துணைச்செல்கள் இருக்கின்றன. பச்சைச் செல்லுக்கும் துணைச்செல்லுக்கும் இடையிலான சுவரில் நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சுக்ரோஸ் அந்தத் துளை வழியாக எந்தச் செலவும் இல்லாமல் துணைச்செல்லுக்குள் பரவுகிறது. அங்கே காத்திருக்கும் நொதி அதன்மீது காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை அலகை ஒட்டவைக்கிறது. இரண்டு அலகு மூலக்கூறு மூன்று அலகாகிறது. அதன் பெயர் ராஃபினோஸ். இன்னொன்றை ஒட்டினால் நான்கு அலகு கொண்ட ஸ்டாக்கியோஸ். உடம்பு பெருத்துவிட்ட இந்த மூலக்கூறு வந்த துளை வழியே திரும்ப முடியாது. ஆற்றில் போடும் பறிக்குள் புகுந்த மீனைப்போல அகப்பட்டுக்கொள்கிறது. ஆனால் துணைச்செல்லுக்கும் சல்லடைக் குழாய்க்கும் இடையிலான துளைகள் சற்றே அகலமானவை. ஆகவே அதற்கு முன்னே போகும் வழி ஒன்றுதான் திறந்திருக்கிறது.

இதன் அழகைக் கவனியுங்கள். சுக்ரோஸ் உள்ளே வந்தவுடன் உருமாறிவிடுவதால், துணைச்செல்லில் சுக்ரோஸின் செறிவு எப்போதும் குறைவாகவே இருக்கிறது. எனவே பச்சைச் செல்லிலிருந்து மேலும் மேலும் சுக்ரோஸ் தானாகவே வந்துகொண்டிருக்கும். மொத்தச் சர்க்கரையோ குழாய்ப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். பரவல் விதி எங்கும் மீறப்படவில்லை; அந்த விதியையே செடி தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டர்ஜன் 1990களின் தொடக்கத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார். 2007இல் அவர் குழு, இதே முறையைக் கையாளும் வெர்பாஸ்கம் என்ற செடியில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் தயாரிக்கும் மரபணுக்களை அடக்கிப் பார்த்தது. சர்க்கரை வெளியேற வழியின்றி இலைகளிலேயே தேங்கியது. இந்தத் தந்திரத்துக்குச் சான்று கிடைத்துவிட்டது.

ஸ்டாக்கியோஸ் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். நம் வயிற்றுக்கு அது பழகியதுதான். மொச்சையும் கொண்டைக்கடலையும் வாயுத் தொல்லை தருவதற்கு இந்தச் சர்க்கரைகளே முக்கியக் காரணம். இவற்றை உடைக்கும் ஆல்ஃபா காலக்டோசிடேஸ் நொதி நம் குடலில் சுரப்பதில்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உடைக்கின்றன, வாயு பிறக்கிறது. அப்படியானால் பரங்கிக்காய்க் கூட்டு ஏன் வயிற்றை உப்பவைப்பதில்லை? வெள்ளரியிலும் முலாம்பழத்திலும் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த நொதி காம்புப் பகுதியிலும் காயிலும் இருந்துகொண்டு, வந்த சரக்கை மீண்டும் சுக்ரோஸாக மாற்றுவது தெரியவந்தது. நீண்ட மூலக்கூறு பயணத்துக்கு மட்டும்தான்.

இந்தச் சாற்றை நீங்களே பார்க்கலாம். பிஞ்சுப் பரங்கிக்காயைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைத் துடைக்காமல் அப்படியே விடுங்கள். தோலுக்குச் சற்று உள்ளே, வட்டமாகச் சிறு துளிகள் முத்து முத்தாக அரும்பும். முதலில் தண்ணீர்போல் இருக்கும். சில நிமிடங்களில் விரலால் தொட்டால் பிசுபிசுவென ஒட்டும், பிறகு கூழாகிவிடும். அது புளோயச் சாறு. காற்றுப் பட்டவுடன் அதிலுள்ள புரதங்கள் உறைந்து காயத்தை அடைக்கின்றன.

சரி, ராட்சத ரகத்தில் மட்டும் என்ன விசேஷம்? இலை கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்கிறதா, சாறு வேகமாக ஓடுகிறதா? ஹார்வர்டில் ஜெசிகா சாவேஜும் சக ஆய்வாளர்களும் ராட்சத ரகங்களையும் சாதாரண ரகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். இலைப்பரப்போ ஒளிச்சேர்க்கைத் திறனோ காரணம் என்பதற்குச் சான்று இல்லை. புளோயத்தின் அளவுதான் கூடியிருக்கிறது. அதாவது, பெரிய காய்க்காக விதை பொறுக்கிய விவசாயிகள் கண்ணுக்குத் தெரியாமல் குழாய்களின் எண்ணிக்கைக்கும் சேர்த்தே விதை பொறுக்கியிருக்கிறார்கள்.

பூசணிக் காம்பை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நெல்மணியில் பால் பிடிப்பதும் உருளைக்கிழங்கு பருப்பதும் புளோயம் இறக்கும் சர்க்கரையால்தான். அது எங்கே முட்டுகிறது என்று தெரியாமல் விளைச்சலைக் கூட்டும் பேச்சு வீண். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் புதிய ரகம் வெளியிடுவதற்குக் கிடைக்கும் ஆதரவு, இலை நரம்பை நுண்ணோக்கியில் வைத்துப் பொறுமையாகப் பார்க்கும் ஆராய்ச்சிக்கும் கிடைக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசணிப் பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் அழுகிவிடும் என்று நம் கிராமங்களில் பிள்ளைகளின் கையைத் தட்டிவிடுவார்கள். பெண்பூவின் அடியில் பூக்கும்போதே குட்டிக் காய் ஒன்று இருக்கும். தேனீ போதிய மகரந்தத்தைக் கொண்டுவராவிட்டால் அது வெம்பி உதிரும். மகரந்தம் கிடைத்தாலும், முன்னதாகப் பிடித்த காய்கள் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்த பிஞ்சுக்குப் பங்கு கிடைக்காது. விரலுக்கும் கண்ணேறுக்கும் இதில் வேலையே இல்லை. பிள்ளைகள் தாராளமாகக் காட்டட்டும், எண்ணட்டும், எது உதிர்கிறது என்று எழுதி வைக்கட்டும்.

போட்டிக்கு வளர்ப்பவர்கள் இந்தப் பங்கீட்டை நன்றாக அறிந்தவர்கள். கையால் மகரந்தம் தூவி, ஒரு செடிக்கு ஒரே காயை விட்டு, மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுகிறார்கள். கொடியின் கணுக்களை மண்ணால் மூடி, அங்கங்கே புது வேர் பிடிக்க வைக்கிறார்கள். காய்க்கு நிழல் கட்டித் தோல் முற்றுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த நிழல் மிகவும் முக்கியம். சாறு வரும் வேகத்துக்குத் தோல் நெகிழ்ந்து கொடுக்காவிட்டால் காய் வெடித்துவிடும். உள்குழிவரை பிளந்த காயைப் போட்டியில் சேர்ப்பதில்லை. காம்பும் ஆபத்தான இடம். காய் உயர உயரக் கொடி இழுபட்டு, காம்பு முறிந்துவிடக்கூடும் என்பதால், கொடியை முன்கூட்டியே வளைத்துத் தளர்த்தி வைப்பார்கள். வாசகியின் மகள் பிடித்துப் பார்த்த அந்தக் காம்பின்மீது வளர்ப்பவரும் கோடை முழுவதும் கண்ணாக இருந்திருப்பார்.