அடிக்குறிப்பைப் படியுங்கள்

போன வாரம் இன்னொரு அறிக்கை கைக்கு வந்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளில் உள்ள எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. ‘பணியிட விபத்துகள் பாதியாகக் குறைந்தன’ என்று ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். எழுபது பக்கம் தள்ளி ஓர் அட்டவணை. அதன் கீழே பொடி எழுத்தில்: ‘ஒப்பந்தத் தொழிலாளர்கள் சேர்க்கப்படவில்லை.’ முந்தைய ஆண்டு சேர்த்திருந்தார்கள். ஆபத்தான வேலையெல்லாம் ஒப்பந்தக்காரரிடம் போனது, விபத்தும் கூடவே போய்விட்டது. இந்த ஆண்டில் மட்டும் இதை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன்.

வாசிப்பவர்களும் இதைக் கண்டுகொள்வதில்லை. சமூகப் பொறுப்பு என்றாலே பலருக்கு நன்கொடைதான்: எத்தனை மரம் நட்டார்கள், எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டினார்கள். இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்களை, முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அது செலவுக் கணக்கு. அந்த லாபம் எப்படி வந்தது? எவ்வளவு தண்ணீர் உறிஞ்சினார்கள், கழிவு எங்கே போனது, யாருக்குக் கை போனது? 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டியபின் எழுந்த இந்த மாதிரிக் கேள்விகளிலிருந்துதான் இத்தகைய அறிக்கைகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜிஆர்ஐ அமைப்பு 1997இல் பிறந்தது.

துறைக்குத் துறை பார்க்க வேண்டிய இடமும் வேறு. சிமெண்டில் எரிபொருள் மட்டுமல்ல, சூளையில் வேகும் சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவை விடும். வங்கியின் மின்கட்டணத்தைப் பார்த்துப் பயனில்லை, கடன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஆடை நிறுவனமென்றால் சாயப்பட்டறை. இவை எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணில் வரிசைப்படுத்தும் பட்டியலை நம்பாதீர்கள்.

விதிகளும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியம், நிறுவனத்தால் மக்களுக்கும் சூழலுக்கும் என்ன ஆகிறது என்றும் கேட்கிறது. ஐஎஸ்எஸ்பி என்ற சர்வதேச வாரியம் 2023இல் வெளியிட்ட தரநிலைகளோ முதலீட்டாளருக்குத் தேவையானதை முன்வைக்கின்றன. ஓர் எண் இல்லையென்றால், அந்த ஊர் விதி அதைக் கேட்டதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், ‘ஒரு டன் உற்பத்திக்கு மாசு இவ்வளவு குறைந்தது’ என்றால் மொத்த அளவையும் தேடுங்கள். உற்பத்தி பெருகியிருந்தால் மொத்தம் ஏறியிருக்கும். எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்களோ அந்த அடிப்படை ஆண்டு மாறியிருக்கிறதா பாருங்கள். ‘வரையறுக்கப்பட்ட உறுதி’ என்று தணிக்கையாளர் கையெழுத்திட்டால், தவறு எதுவும் தம் கண்ணில் படவில்லை என்றுதான் சொல்கிறார், எல்லாம் சரி என்றல்ல. இத்தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

அறிக்கை எழுதுபவர்களிடம் ஒரே வேண்டுகோள். வேலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் அதில் சேர்த்து எண்ணுங்கள்.