முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவருக்குக் கொஞ்சம் இயற்பியல்

2012ல் டொயோட்டா 86 வெளிவந்தபோது அதற்கு மாட்டியிருந்த டயர் மிஷெலின் பிரைமசி எச்பி. பெட்ரோல் சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸ் காரின் சில வகைகளில் ஓடிக்கொண்டிருந்த அதே ரகம். 200 குதிரைத்திறன் கொண்ட ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய் இந்த டயரா என்று கேட்கத் தோன்றும். வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் போட்டார்கள். பிடிப்பு சுமாராக இருந்தால் கார் தன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே தொட்டுவிடும். பின்பக்கம் மெல்ல நழுவத் தொடங்குவது ஓட்டுபவருக்கு நிதானமாகத் தெரியும், ஸ்டீரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும்.

கையைக் கடிக்காத விலையில் முதல் ஸ்போர்ட்ஸ் காரைத் தேடுகிறவர்களின் கண் பெரும்பாலும் குதிரைத்திறனில்தான் போய் நிற்கிறது. என்னைக் கேட்டால், விவரப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய வரி காரின் எடை. எடை கூடினால் ஓட்டும் சுகமும் குறைகிறது, பராமரிப்புச் செலவும் ஏறுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே இயற்பியல்.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். ஒரு கார் எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறும் என்பது இன்ஜின் திறனை எடையால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. 1989ல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, 1.6 லிட்டர் இன்ஜினில் சுமார் 115 குதிரைத்திறன் தந்தது. எடை ஏறத்தாழ 950 கிலோ. ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 121 வருகிறது. 1,600 கிலோ எடையுள்ள செடான் ஒன்றில் 180 குதிரைத்திறன் இருந்தாலும் டன்னுக்கு 112தான். ரொம்ப அதிக வேகத்தில் இந்தக் கணக்கு மாறும். காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், அங்கே பெரிய இன்ஜினுக்குத்தான் மரியாதை. ஆனால் அந்த வேகத்தில் பொதுச் சாலையில் போக முடியாது, போகவும் கூடாது. ஸ்போர்ட்ஸ் காரின் ருசி வளைவில்தான் இருக்கிறது.

வளைவில் கார் திரும்பும்போது உடல் வெளிப்பக்கமாகச் சாய்வதைக் கவனித்திருப்பீர்கள். உள்பக்க டயர்கள் மேல் இருந்த பாரத்தில் ஒரு பங்கு வெளிப்பக்க டயர்களுக்குப் போய்விடுகிறது. எவ்வளவு போகும் என்று கணக்கிட நான்கு எண்கள் போதும்: எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம் என்பது. 1,000 கிலோ கார், ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரத்தில், சக்கர அகலம் 1.4 மீட்டர், திருப்பும் வேகத்தைக் காட்டும் பக்கவாட்டு முடுக்கம் 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) என்று வைத்துக்கொண்டால் சுமார் 286 கிலோ பாரம் பக்கம் மாறுகிறது. நேராகப் போகும்போது பக்கத்துக்கு 500 கிலோ. வளைவில் வெளிப்பக்கம் 786, உள்பக்கம் 214. இதையே 1,800 கிலோ எடையும் 70 செ.மீ. உயர ஈர்ப்பு மையமும் 1.6 மீட்டர் அகலமும் உள்ள உயரமான வண்டிக்குப் போட்டுப் பார்த்தால் 630 கிலோ மாறுகிறது.

மாறினால் மாறட்டுமே, மொத்தப் பாரம் ஒன்றுதானே என்று கேட்கலாம். பள்ளியில் படித்த உராய்வு விதிப்படி அது நியாயமான கேள்விதான். பாரம் இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்காகும் என்கிறது அந்த விதி. அது முழு உண்மையாக இருந்தால், எடை கூடிய காரும் எடை குறைந்த காரும் ஒரே மாதிரி திரும்பும். ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதுதான் விஷயம். ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்கிறது. அழுத்த அழுத்தத் தொடும் பரப்பு கூடுகிறது, ஆனால் கூடும் வீதம் போகப் போகக் குறைகிறது. மேலே சொன்ன 1,000 கிலோ காரில் பக்கத்துக்கு இரண்டு டயர், ஆக நேராகப் போகும்போது டயருக்கு 250 கிலோ. ஒரு பேச்சுக்கு, 250 கிலோ பாரத்தில் ஒரு டயர் 250 கிலோ அளவுக்குப் பக்கவாட்டு விசை தருகிறது என்போம். பாரம் 393 ஆனால் விசையும் 393 ஆகாது, 360க்குப் பக்கத்தில் நின்றுவிடும். பாரம் 107ஆகக் குறைந்த எதிர்ப்பக்க டயர் 115 தரும். இரண்டையும் கூட்டினால் 475. நேராக நிற்கும்போது இரண்டும் சேர்ந்து 500 தரத் தயாராக இருந்தன. மீதி 25 எங்கே? பாரம் மாறியதில் கரைந்துவிட்டது.

எடை குறைவாக, தாழ்வாக, அகலமாக ஒரு காரைச் செய்வதன் அடிப்படைக் காரணம் இந்த இழப்பைக் குறைப்பதுதான். டொயோட்டா 86ம் அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட்டும் பிஸ்டன்கள் படுக்கைவாட்டில் இயங்கும் இன்ஜினைப் பயன்படுத்துவதும் இதற்காகவே. இன்ஜின் தட்டையாகப் படுத்திருப்பதால் காரின் ஈர்ப்பு மையம் 46 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது.

டயரைப் பற்றி இன்னொன்று. அதனிடம் இருக்கும் பிடிப்பு ஒரே கையிருப்பு. பிரேக் பிடிக்க, திருப்ப, முடுக்க என்று எல்லாச் செலவும் அதிலிருந்துதான். முன்சக்கரங்கள் இழுக்கும் காரில், முன் டயர்களே திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதித்தால் கையிருப்பு தீர்ந்து, கார் ஸ்டீரிங் சொல்வதைக் கேட்காமல் வெளிப்பக்கமாக நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பாரம் முன்னால் வந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். புதிதாக ஓட்டுபவருக்குப் பயத்தில் இயல்பாக வருவதும் காலை எடுப்பதுதான் என்பதால், பெரும்பாலும் இது மன்னிக்கும் குணமுள்ள அமைப்பு. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற திறன் கூட்டிய சிறிய ஹேட்ச்பேக்குகளை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேர்க்கலாமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பின்சீட்டில் ஆள் உட்கார வேண்டும், சாமானும் ஏற்ற வேண்டும், வீட்டில் வேறு கார் கிடையாது என்றால் நான் தயங்காமல் சேர்த்துக்கொள்வேன்.

பின்சக்கரங்கள் தள்ளும் காரில் வேலை பிரிந்துவிடுகிறது. முன் டயர் திருப்பும், பின் டயர் தள்ளும். ஸ்டீரிங்கில் இன்ஜினின் இழுப்பு கலக்காததால் சாலை கைக்குத் தெளிவாகப் பேசும். மியாட்டாவும் 86ம் இந்த வகை.

இன்ஜினை நடுவில், இருக்கைகளுக்குப் பின்னால் வைப்பது மூன்றாவது வழி. கனமான இரண்டு வாளிகளைக் கைகளை நீட்டிப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். அப்புறம் அவற்றை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புங்கள். எடை நடுவுக்கு வந்தால் திரும்புவது எளிது. போர்ஷே பாக்ஸ்டர், டொயோட்டா எம்ஆர்2 இரண்டும் மூக்கைத் திருப்பும் அந்தத் துடிப்புக்காகவே விரும்பப்படுகின்றன. ஆனால் எளிதாகத் திரும்பும் கார் எளிதாகச் சுழலவும் செய்யும். ஈரச் சாலையில், வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கத்துப் பாரம் முன்னே வந்து, பின் டயர்கள் பிடி விட்டுவிடும். அதைப் பிடித்து நிறுத்தக் கிடைப்பது கண நேரம்தான். முதல் காருக்கு இது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உள்ள வண்டியாகத் தேடுங்கள் என்பேன்.

அந்தக் கட்டுப்பாடு, ஸ்டீரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதையும் கார் உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்பதையும் சதா ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேர்ப்படுத்துகிறது. 1995ல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடீஸின் உயர்ரகக் கார்களில் வந்த தொழில்நுட்பம் இது. முதல் தலைமுறை மியாட்டாவில் கிடையாது. நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை கத்தும் ஹோண்டா எஸ்2000ன் ஆரம்ப கால வண்டிகளிலும் கிடையாது. மியாட்டாவில் திறன் குறைவு, அதனால் சமாளிக்கலாம். ஆரம்ப எஸ்2000 பின்பக்கத்தைத் திடீரென்று வீசும் வண்டி என்று பெயர் வாங்கியது. இரண்டாவது காராக வாங்கிக்கொள்ளலாம்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். 100 கி.மீ. வேகத்தில் போகும் 1,000 கிலோ காரை நிறுத்த சுமார் 386 கிலோஜூல் ஆற்றலைப் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். 1,700 கிலோ என்றால் 656. பிரேக் தட்டும் பேடும் தேய்வது, வெப்பத்தில் பிடிப்பு மங்குவது எல்லாம் இதிலிருந்து வருகிறது. பிரேக் ஆயில் வேறு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பின் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் தர அளவு. கனமான கார், பழைய ஆயில், நீண்ட இறக்கம் மூன்றும் சேர்ந்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் தரைவரை அமுங்கும். டயரும் அப்படித்தான். முதல் மியாட்டா 185 மி.மீ. அகலமுள்ள 14 அங்குல டயரில் ஓடியது. கனமும் திறனும் கூடக்கூட அகலமும் விட்டமும் கூடும், விலை அதைவிட வேகமாகக் கூடும்.

அதனால்தான் பழைய, பெரிய, பலத்த கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வது ஆபத்து. வருடங்கள் ஓடினால் காரின் விலை இறங்கும். அதன் பிரேக் தட்டு, டர்போ, சஸ்பென்ஷன் பாகங்களின் விலை புதிய காரின் தரத்திலேயே நிற்கும்.

குறைந்த விலையில் கிடைக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த நோய் ஒன்று இருக்கும். பேரம் பேசுவதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும். 1996ல் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது மூடி முத்திரையிட்ட பேரிங். அது உடைந்தால் வால்வுகள் திறந்து மூடும் நேரம் தப்பி, பிஸ்டன் வால்வில் மோதி, இன்ஜினே போய்விடும். எல்லா வண்டியிலும் உடைவதில்லை. ஆனால் உடைந்தால் செலவு காரின் விலையை எட்டிப் பிடிக்கும். அந்தப் பேரிங்கைத் தொட கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது வழக்கம். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: கிளட்ச் மாற்றினீர்களா, மாற்றும்போது பேரிங்கும் மாற்றினீர்களா, ரசீது இருக்கிறதா?

மியாட்டாவின் நோய் துரு. துணிக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகள் வழியாக இறங்க வேண்டும். சருகும் தூசியும் அவற்றை அடைத்துவிட்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் நீள்சட்டத்துக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் கைவிட்டு அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்தாலோ, தடிமனாகப் பூசி மறைத்ததுபோல் தெரிந்தாலோ விலையைப் பற்றிப் பேசாமலே திரும்பிவிடலாம். மஸ்டா ஆர்எக்ஸ்-8ன் சுழல் இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை), உராய்வைக் குறைக்கத் தானாகவே கொஞ்சம் ஆயிலை எரிக்கும். அதற்கென்று உள்ள கருவியில் அழுத்தச் சோதனை செய்யாமல் தொடவே வேண்டாம். 86, பிஆர்இசட் கார்களில் 2012, 2013 வாக்கில் வந்த பலவற்றை வால்வு ஸ்பிரிங் கோளாறுக்காக 2018ல் திரும்ப அழைத்தார்கள். இன்ஜினை இறக்கிப் பிரித்துச் செய்யும் வேலை அது, யார் செய்தார்கள், அதற்குப் பின் எவ்வளவு ஓடியது என்று விசாரியுங்கள்.

எந்த மாடலானாலும் டயர் பொய் சொல்லாது. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், 2019ன் 23வது வாரத்தில் செய்தது. உள்விளிம்பில் கையைவிட்டுத் தடவுங்கள். நடுவில் நன்றாக இருந்து உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், சக்கரக் கோணம் தப்பியிருக்கிறது அல்லது எப்போதோ அடிபட்டு ஏதோ வளைந்திருக்கிறது. நான்கு டயர்களும் நான்கு கம்பெனி என்றால், பராமரிப்பிலும் அதே அலட்சியம்தான் இருந்திருக்கும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் நில்லுங்கள், முன்கூட்டி ஓட்டிச் சூடாக்கி வைக்க விடாதீர்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் நீலப் புகையும் சூடான பின் மறைந்துவிடும். கையால் மாற்றும் கியர் என்றால் குளிரிலேயே இரண்டாவது கியருக்கு மாற்றிப் பாருங்கள், தேய்ந்த கியர்பாக்ஸ் அங்கேதான் முனகும். வாங்குவதற்கு முன்பே காப்பீட்டுத் தொகையைக் கேட்டுவிடுங்கள், இரண்டு கதவு என்பதற்கே சில இடங்களில் தொகை ஏறும். கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாமல் நான்கு நல்ல டயர், புது பிரேக் ஆயில், பேடு, மூடிய தடத்தில் ஒரு நாள் பயிற்சி இவற்றுக்கு எடுத்து வையுங்கள். திறனைக் கூட்டும் பாகங்களை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.