ஒதுங்கிய ஆமையைக் கடலுக்குள் தள்ளாதீர்கள்

இந்த வாரமும் ஒன்று. கோவளம் பக்கம் விடிகாலையில் உயிரோடு கரை ஒதுங்கிய சிற்றாமையை (பங்குனி ஆமை என்றும் சொல்லும் கடலாமை வகை), நடக்க வந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிப்போய் அலைக்கு அப்பால் விட்டிருக்கிறார்கள். மதியத்துக்குள் அதே ஆமை, முன்துடுப்பில் அதே வலைக்காயத்தோடு, கொஞ்சம் தள்ளிச் செத்து ஒதுங்கியது. அறுத்துப் பார்த்தால் மூச்சுக்குழாய் முழுக்க நுரை. வனவிலங்கு மருத்துவராக ஒவ்வொரு தை, மாசியிலும் இதைப் பார்க்கிறேன். மனசு ஆறவில்லை.

“தண்ணீரில் வாழ்கிற பிராணி, தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்” என்கிறார்கள். பிழைக்காது. கடலாமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தலையை நீருக்கு மேலே தூக்கியாக வேண்டும். அசையாமல் ஓய்வெடுக்கும்போது நெடுநேரம் மூச்சடக்கும் அதே ஆமை, இழுவலைக்குள் மாட்டித் திமிறினால் சீக்கிரமே திணறிப்போகும். அப்படித் திணறித் தப்பியதற்குத் தலை தூக்கவும் தெம்பிருக்காது. நீந்த முடியாமல்தானே அலையோடு வந்து கரையில் கிடக்கிறது? அதைத் திரும்பத் தள்ளினால் மூழ்கித்தான் சாகும். ஐந்து நிமிடம் நீந்திக் காட்டினாலும் நம்பாதீர்கள்.

இரவில் தானாக மணலேறி வருவது வேறு. அது முட்டையிட வரும் தாய். விலகி நில்லுங்கள், டார்ச் அடிக்காதீர்கள், வேலை முடிந்ததும் அதுவே கடலுக்குத் திரும்பிவிடும்.

பகலில் துவண்டு கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நிழல் கொடுங்கள். ஓட்டின் மேல் ஈரத்துணி போடுங்கள், மூக்கை மூடாமல். மல்லாக்கப் புரட்டாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாய்களை விரட்டிவிட்டு ஆள் வரும்வரை ஒருவராவது பக்கத்தில் இருங்கள். அவ்வளவுதான் வேண்டும்.

படகில் போகும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். வலையில் வந்த பங்குனி ஆமை அசையவில்லை என்றால் செத்துவிட்டது என்று உடனே கடலில் வீசிவிடாதீர்கள். பல நேரம் அது மயக்கம். வயிறு தளத்தில் படும்படி வைத்து, பின்பக்கத்தை அரையடி உயர்த்தி, ஓட்டை ஈரமாக வைத்திருங்கள். நுரையீரலில் புகுந்த நீர் மெல்ல வடியும். எழ நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

குஞ்சுகளை வாளித் தண்ணீரில் போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஆழ்கடலுக்கு நீந்திப் போகத்தான் அவை சக்தியைச் சேர்த்துக்கொண்டு பொரிந்து வருகின்றன. அது வாளியிலேயே தீர்ந்துவிடுகிறது. உதவ ஆசையிருந்தால் முறையாக உதவ வழி இருக்கிறது. சென்னையில் மாணவர்களும் தன்னார்வலர்களும் 1988 முதல் இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வனத்துறை அனுமதியோடு, பயிற்சி பெற்றுச் செய்கிற வேலை அது. அவர்களோடு நடந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. செத்த ஆமையைப் பார்த்தாலும் கடந்து போகாதீர்கள், நீங்களாகப் புதைக்கவும் வேண்டாம். மேலிருந்து ஒரு படம், கழுத்துக்கும் கண்ணுக்கும் கிட்டத்தில் ஒரு படம், இடம், நேரம்: இவற்றை வனத்துறைக்கு அனுப்புங்கள். வீங்கிய கழுத்தும் பிதுங்கிய கண்ணும் வலையில் மூழ்கியதற்கான அடையாளம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் சிற்றாமைகள் செத்து ஒதுங்கினவே, அப்போது யாரும் கண்டுகொள்ளாமல் புதைத்திருந்தால் வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. கரையோரத் தடைப்பகுதிக்குள் இழுவலை ஓடுகிறதா என்று கேட்கும்போது எங்கள் கையில் இருக்கும் ஆதாரம் நீங்கள் அனுப்பும் அந்தப் படங்கள்தான்.