கடைசி இலக்கம் ஏன் மாறியது?

சர்வர் அனுப்பிய பதிலில் ஓர் அடையாள எண் இருக்கிறது: 9007199254740993. பைத்தானில் எழுதிய நிரல் அதை அப்படியே படித்துவிடுகிறது. அதே நிரலை ஜாவாஸ்கிரிப்டில் வரிக்கு வரி மாற்றி எழுதி ஓட்டினால் 9007199254740992 என்று வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒன்று குறைந்தால் வேறொருவருடைய கணக்கு திறந்துகொள்ளக்கூடும்.

ஏபிஐ, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று தரவு கேட்டுப் பெறும் வழி, தரும் பதில்கள் பெரும்பாலும் ஜேசன் வடிவில் வருகின்றன. ஜேசன் என்பது வெறும் எழுத்துத் தொடர். எண்ணை எப்படி எழுத வேண்டும் என்று அது வரையறுக்கிறது. எத்தனை இலக்கங்கள் வரை பிசகாமல் காக்க வேண்டும் என்பதைப் படிக்கும் நிரலிடமே விட்டுவிடுகிறது.

பைத்தானில் முழு எண் எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். ஜாவாஸ்கிரிப்டோ சாதாரண எண்கள் எல்லாவற்றையும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது பின்னங்களையும் ஏற்கும் வடிவில், வைத்துக்கொள்கிறது. அதில் குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 11 பிட் போக, இலக்கங்களுக்கு மிஞ்சுவது 52. எழுதாமலே கணக்கில் சேரும் ஒரு பிட்டையும் கூட்டினால் 53. 2-இன் 53-ஆம் அடுக்கு 9007199254740992. அதைத் தாண்டியதும் முதலில் ஒற்றைப்படை எண்களுக்கு இடமில்லாமல் போகிறது. நம் எண் 992-க்கும் 994-க்கும் நட்ட நடுவே நிற்கிறது. முழுமையாக்கும் விதி அதை 992-க்குத் தள்ளிவிடுகிறது. 2010-இல் ட்விட்டர் பெரிய அடையாள எண்களுக்கு மாறியபோது, இந்தக் காரணத்துக்காகவே அதே எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது.

எண்ணை விட எனக்கு அதிகக் கவலை தருவது, பதிலில் இல்லாத மதிப்பு. வெப்பநிலை என்ற புலம் பதிலில் வரவேயில்லை என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் அகராதியிலிருந்து (பெயரைச் சொன்னால் மதிப்பைத் தரும் பட்டியல்) அதை நேரடியாக எடுக்க முயன்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 'வரையறுக்கப்படாதது' என்ற மதிப்பைத் தந்துவிட்டுத் தொடரும். கோ மொழியில் அந்தப் புலத்தைச் சாதாரண எண்ணாக அறிவித்திருந்தால் 0 கிடைக்கும். சர்வர் 'நல்' (மதிப்பு இல்லை என்பதற்கான குறி) என்று அனுப்பினாலும் அதே 0 தான். கருவி பழுதானதும் உறைபனி விழுந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. கோ மொழியில் இதற்குச் சுட்டியை, அதாவது மதிப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை, பயன்படுத்த வேண்டும். மதிப்பு இல்லை என்பதை வெறுமையான சுட்டி தெளிவாகக் காட்டிவிடும்.

எழுத்துகளும் தப்புவதில்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 5 என்கின்றன. கோ 15 என்கிறது, ஏனெனில் அது எண்ணுவது பைட்டுகளை (8 பிட் கொண்ட அலகுகள்); அந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் இங்கே 3 பைட். கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்துகள். முதல் 10 பைட்டுகளை மட்டும் வெட்டி எடுத்தால் 'தமி' என்பதும் ழகரத்தின் மூன்றில் ஒரு துண்டும் கிடைக்கும்.

எனவே மொழி மாற்றும் முன் சர்வரின் உண்மையான பதில்களைக் கோப்புகளாகச் சேமித்து வையுங்கள். புலம் விடுபட்டது, 'நல்' வந்தது, பட்டியல் காலியாக இருந்தது, எண் 16 இலக்கத்தைத் தொட்டது என எல்லா வகையும் அதில் இருக்கட்டும். பழைய நிரல், புதிய நிரல் இரண்டிலும் அவற்றைச் செலுத்தி விடைகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒப்பிடும் கருவி ஜேசனைப் பிரித்துப் படித்து, எண்களை மிதவைப் புள்ளியாக மாற்றிக்கொள்வதாக இருந்தால் 993-உம் அதன் கையில் 992 ஆகிவிடும். இரண்டு நிரல்களும் ஒத்துப்போகின்றன என்றே அது சொல்லும்.